கிசுமு, டிசம்பர் 2007 – மார்ச் 2008: தேர்தல் கலவரத்தில் சிக்கிய ஒரு வெளிநாட்டுக் குடும்பம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

கென்யாவின் மூன்றாவது பெரிய நகரமான கிசுமு விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. 1901இல் மொம்பாசாவிலிருந்து வந்த ரயில் பாதை இங்கே வந்து முடிந்தது. பாதையின் பின்னாலேயே இந்தியக் கடைக்காரர்களும் வந்தார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகும் ஊரின் பிரதான கடைத்தெருவான ஒகிங்கா ஒடிங்கா வீதியில் பல, அவர்கள் வழிவந்தவர்களின் கடைகள்தான். சுற்றிலும் சர்க்கரை ஆலைகள், தொழிற்பேட்டையில் சிறு ஆலைகள். அவற்றில் ஒப்பந்தத்தின் பேரில் வேலை பார்க்க இந்தியாவிலிருந்து பொறியாளர்களும் கணக்காளர்களும் வந்து போவது வழக்கம்.

இந்த ஆய்வில் வரும் குடும்பம் அப்படி வந்ததுதான். கணவர் தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளர். மனைவி, 7 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க கோவையிலிருந்து வந்திருந்த மாமனார், காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். வீடு மிலிமானி பகுதியில், ஒரே சுற்றுச்சுவருக்குள் மூன்று குடித்தனங்கள். பக்கத்துக் குடித்தனம் மூன்று தலைமுறையாகக் கென்யக் குடியுரிமை உள்ள குஜராத்தி வணிகக் குடும்பம். வாசலில் பகலுக்கு ஒருவரும் இரவுக்கு ஒருவருமாக இரண்டு அஸ்காரிகள், அதாவது காவலாளிகள்.

தேர்தல் 2007 டிசம்பர் 27, வியாழக்கிழமை. அதிபர் முவாய் கிபாக்கிக்கு எதிராக ரைலா ஒடிங்கா நின்றார். கிசுமு லுவோ மக்களின் ஊர், ரைலாவின் கோட்டை. முந்தைய 2002 தேர்தலில் ஆட்சி அமைதியாகக் கைமாறியிருந்தது. இம்முறை கருத்துக்கணிப்புகள் ரைலாவுக்குச் சற்று முன்னிலை காட்டின. குடும்பத்தின் கணக்கு எளிமையானது: இந்த ஊர் ஜெயிக்கப்போகிறது, ஜெயிக்கும் ஊரில் கொண்டாட்டம்தான் இருக்கும். ஆலையிலும் ஆண்டிறுதி நிறுத்தப் பராமரிப்பு நடந்துகொண்டிருந்ததால் பொறியாளருக்கு விடுப்பு இல்லை. எனவே இருந்துவிட முடிவு செய்தார்கள். தோற்றால் என்ன, அல்லது தோற்கடிக்கப்பட்டதாக ஊர் நம்பினால் என்ன என்ற கேள்வியை ஆலை நிர்வாகமும் கேட்கவில்லை. மேலாளரே விடுமுறைக்கு மொம்பாசா போயிருந்தார்.

முன்தயாரிப்பும் அதிலிருந்த ஓட்டைகளும்

தயாரிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 20 லிட்டர் மஞ்சள் ஜெரிகேன்கள் ஆறில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். 10 கிலோ அரிசி, பருப்பு, அஸ்காரிகளுக்காக மக்காச்சோள மாவான உங்கா 2 கிலோ பொட்டலங்கள் நான்கு, பால்மாவு, மெழுகுவர்த்தி, மின்கலங்கள் இருந்தன. காரில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருந்தது. கையில் ஏறக்குறைய 20,000 ஷில்லிங் ரொக்கம்.

முதல் ஓட்டை சமையல் வாயுவில். கூடுதலாக ஒரு சிலிண்டர் வாங்கி வைத்திருந்தார்கள். அப்போது கென்யாவில் ஒவ்வொரு நிறுவனத்தின் சிலிண்டருக்கும் வேறு வேறு வால்வு. எல்லாருக்கும் பொதுவான வால்வு பிறகுதான் வந்தது. இரண்டாவது சிலிண்டர் வேறு நிறுவனத்துடையது, வீட்டிலிருந்த ரெகுலேட்டர் அதில் உட்காரவில்லை. முதல் சிலிண்டர் தீர்ந்த ஜனவரி 1ஆம் தேதிதான் இது தெரிந்தது. வாங்கிய அன்றே ஒரு முறை பொருத்தி அடுப்பைப் பற்றவைத்திருந்தால் அன்றே மாற்றியிருக்கலாம். பக்கத்து வீட்டுக் கரியடுப்பில்தான் அடுத்த மூன்று நாளும் சமையல் நடந்தது.

இரண்டாவது ஓட்டை ரொக்கத்தில். காரணம் கலவரம் அல்ல, நாட்காட்டி. டிசம்பர் 25, 26 கிறிஸ்துமஸ் விடுமுறை. 27 வாக்குப்பதிவுக்காக அரசு விடுமுறை. 28 வெள்ளி ஒரு நாள் வங்கி. 29, 30 சனி, ஞாயிறு. 31 திங்கள், 1 புத்தாண்டு. 24ஆம் தேதி நிரப்பிய ஏடிஎம்மை மறுபடி ஒழுங்காக நிரப்ப நடுவில் இருந்தது அந்த ஒரு வெள்ளிதான். அன்று ஊரே வரிசையில் நின்றது. பொறியாளர் காலை வேலைக்குப் போய்விட்டு மதியம் வங்கிக்குப் போனார். அதற்குள் இயந்திரம் காலி.

மூன்றாவது ஓட்டை இன்சுலின். கீழே தனியாக வருகிறது, ஏனென்றால் இந்த நிகழ்வில் உயிருக்கு மிக நெருங்கி வந்த ஆபத்து துப்பாக்கியல்ல, அதுதான்.

டிசம்பர் 27 முதல் 30 வரை

வாக்குப்பதிவு அமைதியாக முடிந்தது. மறுநாள் வெளிவந்த எண்ணிக்கையில் ரைலா வெகுவாக முன்னால் இருந்தார். ஊரில் பாட்டும் ஊதலும் கேட்டன. 29ஆம் தேதி சனிக்கிழமை அந்த முன்னிலை வேகமாகக் கரைந்து, மொத்தம் 210 தொகுதிகளில் 180 எண்ணப்பட்ட நிலையில் 38,000 வாக்குகளாகச் சுருங்கியது. கிபாக்கியின் கோட்டையான மத்திய மாகாணத்தின் முடிவுகள் ஏன் தாமதம் என்று வானொலியில் கேள்வி எழ, மதியத்துக்குள் கிசுமுவின் கடைகள் ஷட்டரை இறக்கத் தொடங்கின. மதாத்து எனும் சிற்றுந்துகள் ஓடவில்லை. கொண்டேலே சந்திப்பில் டயர் எரிந்தது.

ஊர் மாறிய நேரத்தைத் துல்லியமாகச் சொன்னது பகல்நேர அஸ்காரி. நியலெண்டாவில் தன் தெருப் பையன்கள் கல் சேர்க்கிறார்கள் என்று சனிக்கிழமை காலையே மனைவியிடம் சொன்னார். அந்த நேரத்தில் விமான நிலையச் சாலை திறந்திருந்தது. மாலை வரை திறந்தே இருந்தது. குடும்பம் கிளம்பவில்லை, முடிவு வந்துவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். பிற்பாடு இந்த நிகழ்வைத் தோண்டிப் பார்த்ததில், பாதுகாப்பாக வெளியேறக் கிடைத்த கடைசி வாய்ப்பு அந்த எட்டு மணி நேரம்தான்.

30ஆம் தேதி ஞாயிறு மாலை தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு முடிவை அறிவித்தார்: கிபாக்கி 45,84,721, ரைலா 43,52,993. ஒரு மணி நேரத்துக்குள், பொழுது சாயும் வேளையில், அதிபர் மாளிகைப் புல்வெளியில் கிபாக்கி பதவியேற்றார். அதே மாலை நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை போட்டது. கிசுமுவில் அறிவிப்பு முடிவதற்குள் சத்தம் எழுந்துவிட்டது. அன்றிரவும் மறுநாளும் ஒகிங்கா ஒடிங்கா வீதி சூறையாடப்பட்டது, கட்டடங்கள் எரிந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் கடையும் அதில் போனது.

முதல் இரவுகளின் முடிவுகள்

கிசுமுவில் அந்த வாரங்களில் இறந்தவர்களில் பெரும்பான்மையோர் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுகளால் இறந்தவர்கள். பின்னர் அமைந்த வாக்கி விசாரணை ஆணையம் இதைப் பதிவு செய்திருக்கிறது. வெளியிலிருந்து செய்தி பார்த்தவர்கள் அரிவாளுக்கும் தீக்கும் அஞ்சினார்கள். ஊருக்குள் இருந்தவர்கள் அஞ்ச வேண்டியது தோட்டாவுக்கு. 1969இல் ஜோமோ கென்யாட்டா மருத்துவமனை திறக்க வந்தபோது இதே ஊரில் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த நினைவு லுவோ மக்களிடம் ஆறவே இல்லை. போலீஸ் வண்டியைக் கண்டால் கூட்டம் கலையாமல் இன்னும் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே வீட்டுக்குள் எங்கே படுப்பது என்பதே முதல் முடிவு. கூரை ஓடும் தகரமும் குண்டைத் தடுக்காது, ஜன்னல் சொல்லவே வேண்டாம். வீட்டின் நடுவில் இரு பக்கமும் செங்கல் சுவர் உள்ள நடைவழியில் மெத்தைகளைப் போட்டார்கள். மாடிக் குடித்தனத்தில் இருந்தவர்களும் கீழே வந்து படுத்தார்கள். சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பதில்லை என்பதைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணீர்ப்புகை மிலிமானி வரை மிதந்து வந்தது. கதவிடுக்கில் ஈரத்துணி செருகியது போதுமானதாக இருந்தது.

அஸ்காரிகள் விஷயத்தில் எடுத்த முடிவு மிக நல்ல பலன் தந்தது. 30ஆம் தேதி மாலை இரவுக் காவலர் வர முடியவில்லை. பகல் காவலர் வீடு திரும்ப முடியவில்லை. காவல் நிறுவனத்தின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. மூன்று குடித்தனமும் சேர்ந்து அவரை உள்ளே தங்கவைத்தன. வாசலுக்கு வெளியே சீருடையில் நிற்க வேண்டாம், உள்ளிருந்து பேசினால் போதும் என்றார்கள். சாப்பாடு இரண்டு வேளை, இரட்டைச் சம்பளம் அன்றன்றே கையில். நியலெண்டாவில் இருந்த அவருடைய மனைவிக்குக் கைபேசியில் பேசவும் வசதி செய்தார்கள். 31ஆம் தேதி பத்துப் பதினைந்து இளைஞர்கள் வாசலைத் தட்டியபோது, யார் வீடு என்று லுவோ மொழியில் பதில் சொல்லி, 500 ஷில்லிங் கொடுத்து அனுப்பியது அவர்தான். பணத்தைத் தாள் தாளாக, 50ம் 100ம் ஆகக் கொடுத்தார். ஆயிரம் ஷில்லிங் நோட்டை நீட்டினால் இன்னொரு கும்பல் வரும். சில்லறை இல்லாத வீட்டுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் பணமே இல்லை என்றுதான் பொருள்.

கடையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு முறை காரை எடுத்தார். இரண்டு முறையும் அவருடைய மருமகளே சாவியைப் பிடுங்கி வைத்தார். போய்ப் பார்த்தும் பயனில்லை: எரியும் கடையை ஒரு மனிதர் காப்பாற்ற முடியாது, காப்பீட்டுக்குத் தேவையான படங்களை ஊர் அடங்கியபின் எடுத்துக்கொள்ளலாம். (படங்களை எடுத்துவைத்தும் பணம் வரவில்லை. சாதாரணத் தீக் காப்பீடு அரசியல் கலவரத்தைச் சேர்க்காது. அதற்குத் தனிப் பிரிவு வாங்கியிருக்க வேண்டும்.)

ஆலையின் கணக்காளர்

ஆலையின் கணக்காளர் அதிபர் கிபாக்கியின் இனமான கிகுயு இனத்தவர், மன்யாட்டாவில் வாடகைக்கு இருந்தார். 31ஆம் தேதி காலை அவர் பொறியாளரைக் கூப்பிட்டார். வீட்டுச் சொந்தக்காரர் லுவோ. இதுவரை அவரை மறைத்து வைத்திருக்கிறார், இனி முடியாது என்றார். வெளிநாட்டுக் குடும்பத்துக்கு வந்தது தடை, பற்றாக்குறை, திகில். இவருக்கு வந்தது நேரடி வேட்டை. கென்ய அடையாள அட்டையில் பெயரோடு பூர்வீக மாவட்டமும் இருக்கும். சாலைத் தடுப்பில் நின்றவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

பொறியாளரின் முதல் எண்ணம் தன் காரில் போய் அழைத்துவருவது. ஆலையின் லுவோ மேற்பார்வையாளர் அதைத் தடுத்தார். இந்தியர் ஓட்டும் காரை எல்லாத் தடுப்பிலும் நிறுத்துவார்கள், உள்ளே யார் என்று பார்ப்பார்கள். இருவருக்கும் சேர்த்து ஆபத்து. நடந்து வருவதுதான் பத்திரம் என்றார் அவர். விடியற்காலை ஆறரை மணி, இரவெல்லாம் தெருவில் இருந்தவர்கள் தூங்கப்போகும் நேரம். மேற்பார்வையாளர் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார். கணக்காளரும் அவர் மனைவியும் அவர்களோடு சேர்ந்து, பையோ பெட்டியோ இல்லாமல், காவல் நிலையம் வரை நடந்தார்கள். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைக்காமல் குழந்தையின் துணிக்குள் வைத்திருந்தார்கள். வழியில் ஒரு தடுப்பில் பேசியது முழுக்க மேற்பார்வையாளர்தான்.

கிசுமு காவல் நிலைய வளாகத்தில் அப்போதே நூற்றுக்கணக்கானோர் திறந்த வெளியில் இருந்தார்கள். ஆலை அங்கே போர்வையும் உணவும் அனுப்பியது. சில நாளில் போலீஸ் காவலோடு போன வாகன வரிசையில் கணக்காளர் நகுரு போய்ச் சேர்ந்தார். ஜனவரி கடைசியில் நகுருவும் பற்றியது. பாதுகாப்பான ஊர் என்று யாரும் அப்போது உறுதி தந்திருக்க முடியாது. ஆனால் பல இனமும் சம அளவில் கலந்த ஊர் நிற்பதற்கு ஏற்ற இடமல்ல, ஒரே மூச்சில் நைரோபி வரை அவரை அனுப்பியிருக்க வேண்டும் என்பது ஆலை பின்னர் எடுத்த நிலை.

இன்சுலின்

மாமனார் ஒரு மாதத்துக்குக் கணக்காக இந்திய இன்சுலின் குப்பிகள் கொண்டுவந்திருந்தார். ஜனவரி 10க்குத் திரும்பும் பயணச்சீட்டு. 31ஆம் தேதி மின்சாரம் போனது. குளிர்பெட்டியிலிருந்த குப்பிகளை ஈர மண்பானைக்குள் மாற்றும்போது ஒன்று விழுந்து உடைந்தது. பிரித்த குப்பி நிழலான இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், ஆகவே மின்வெட்டு பெரிய பிரச்சினை இல்லை. உடைந்ததுதான் பிரச்சினை.

ஜனவரி 2ஆம் தேதி சில மருந்துக்கடைகள் பின்வாசல் வழியே விற்றன. அஸ்காரியின் உறவினர் ஒருவர் ஒரு குப்பி வாங்கிவந்தார். அதே கலவை, அதே 30/70. ஆனால் இந்தியாவில் பெரும்பாலும் விற்கும் குப்பி மில்லிலிட்டருக்கு 40 யூனிட்; கென்யாவில் 100 யூனிட். மாமனாரிடம் இருந்தவை எல்லாம் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் ஊசிகள். அந்த ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லிலிட்டர். உள்ளூர் குப்பியிலிருந்து அரை மில்லிலிட்டர் என்றால் 50 யூனிட். இரண்டரை மடங்கு. கரியடுப்பில் எப்போது சோறு வேகும் என்று தெரியாத வீட்டில், ஊரடங்கு இரவில், எழுபதை நெருங்கும் ஒருவருக்குச் சர்க்கரை அப்படி இறங்கியிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்காது.

மாடிக் குடித்தனத்தில் இருந்த செவிலியர் குப்பியின் மேலுறையைப் படித்ததால் அது தவிர்ந்தது. ஆரஞ்சு மூடி உள்ள 100 யூனிட் ஊசிகளைத் தேடி வாங்கும் வரை, உடையாமல் மிச்சமிருந்த இந்தியக் குப்பியையே பயன்படுத்தினார்கள். இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு இன்சுலினோடு வருகிற எவரும், கலவரம் இருக்கோ இல்லையோ, வந்திறங்கிய வாரமே உள்ளூர் ஊசி ஒரு பெட்டி வாங்கி, பழைய ஊசிகளோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும்.

வெளியேறும் வழி

ஜனவரி 1க்குப் பிறகு மூன்று வழிகள் பேசப்பட்டன.

கெரிச்சோ, நகுரு வழியாக நைரோபிக்குச் சாலைப் பயணம், 350 கிலோமீட்டர். இது உடனே கைவிடப்பட்டது. அஹேரோவிலிருந்தே மரம் வெட்டிப் போட்டும் கல் அடுக்கியும் தடுப்புகள். அதைத் தாண்டினால் கலெஞ்சின் இனத்தவர் பகுதித் தடுப்புகள், பிறகு கிகுயு பகுதித் தடுப்புகள். ஒரு தடுப்பில் கைகொடுக்கும் முகமோ மொழியோ அடுத்த தடுப்பில் குற்றமாகிவிடும். வெளிநாட்டவரை இனம் பார்த்துக் கொல்லவில்லை என்றாலும், ஓட்டுநர் யார் என்ற கேள்வி இருந்தது. ஜனவரி 1ஆம் தேதி எல்டொரெட் அருகே கியாம்பாவில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களை எரித்த செய்தி வந்தபின் யாரும் இந்த வழியைப் பேசவில்லை.

புசியா வழியாக உகாண்டா. தூரம் குறைவு. ஆனால் எரிபொருள் கிடைக்கவில்லை, கென்யச் சாலை அடைபட்டதால் உகாண்டாவிலேயே பெட்ரோல் தட்டுப்பாடு. போய்ச் சேர்ந்தாலும் அங்கிருந்து நகர முடியாது.

மூன்றாவது, விமானம். நைரோபி ஒரு மணி நேரத்துக்குள். ஊருக்கும் விமான நிலையத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்தான், ஆனால் அந்தச் சாலை ஒபுங்கா குடிசைப்பகுதியின் ஓரமாகப் போகிறது. விமான நிலையம் பெரும்பாலான நாட்களில் இயங்கியது. அங்கே போகும் சாலைதான் திறந்தும் மூடியும் இருந்தது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாதவர்கள் விமானம் உண்டு என்ற தகவலை நம்பி நடுச்சாலையில் மாட்டினார்கள்.

வணிகர்கள் சங்கம் போலக் கூடி, ஒரு போலீஸ் வண்டியின் பின்னால் பன்னிரண்டு கார்கள் போக ஏற்பாடு செய்தார்கள். ஜனவரி 4, காலை ஆறரை. சொல்லப்பட்ட விதிகள் இவை: ஒரு ஆளுக்கு ஒரு கைப்பை. பெட்டிகளைக் கூரையில் கட்டக் கூடாது, ஊரைக் காலி செய்து ஓடுவது போலத் தெரிந்தால் கை நீளும். முன் கண்ணாடித் துடைப்பானில் பச்சை இலைக் கொத்து. அந்த நாட்களில் சமாதானத்துக்கும் போராட்டத்துக்கு ஆதரவுக்கும் அதுவே அடையாளம். கார்களுக்கு நடுவே இரண்டு கார் இடைவெளி, முன்னால் இருப்பவர் திரும்ப வேண்டியிருந்தால் இடம் வேண்டும். கைபேசியில் படம் எடுக்கவே கூடாது.

எட்டாவது கார் ஓட்டியவர் பயத்தில் முன் காரை ஒட்டிப் போனார். ஒரு தடுப்பில் எல்லாரும் பின்வாங்க நேர்ந்தபோது இரண்டு கார்கள் உரசி நின்றன. சில நிமிடம் கூட்டம் சூழ்ந்தது. ஒருவர் கைக்கடிகாரம் போனது, வேறொன்றும் இல்லை. விமான நிலையத்தில் வங்கி அட்டையை ஏற்கவில்லை, ரொக்கம் மட்டும். குடும்பத்திடம் இருந்தது போதவில்லை. சாவியைப் பிடுங்கிய அந்த மருமகள் கடன் கொடுத்தார். காலை விமானம் மாலையில்தான் புறப்பட்டது. பிள்ளைகளுக்கு எடுத்துவைத்த பிஸ்கட்டை மாமனாருக்கு ஊசி போட்டபின் கொடுக்க வேண்டிவந்தது.

தகவல் எப்படி வந்தது

நேரடி ஒளிபரப்பு இல்லாததால் குறுஞ்செய்தியே செய்தித்தாள் ஆனது. உகாண்டா ராணுவம் ஊருக்குள் வந்துவிட்டது, குடிநீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்றெல்லாம் வந்தது. கலவரத்தைத் தூண்டும் குறுஞ்செய்தியை அனுப்பினால் வழக்கு என்று உள்துறையின் எச்சரிக்கையும் குறுஞ்செய்தியாகவே வந்தது. இந்த வளாகத்தில் பின்பற்றிய முறை நன்றாக வேலை செய்தது: சொல்பவர் தன் கண்ணால் பார்த்தாரா, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கைபேசியில் பேசுவதற்கான தொகையும் தீர்ந்துகொண்டே வந்தது. சுரண்டும் அட்டைகள் விலை ஏறி, பிறகு கிடைக்காமலே போயின. கைபேசி வழிப் பணச் சேவையான எம்பெசா 2007 மார்ச்சில்தான் தொடங்கியிருந்தது, முகவர் கடைகளும் பூட்டியிருந்தன. நைரோபியிலிருந்த நண்பர்கள் சம்பாசா முறையில் பேசும் தொகையைக் கைபேசிக்கு அனுப்பினார்கள். பலருக்கு அதுவே பணமாகவும் புழங்கியது.

அவசரத் திரும்புதல்

நைரோபியில் பார்க்லண்ட்ஸ் பகுதியில் உறவினர் வீட்டில் குடும்பம் தங்கியது. நைரோபியின் குடிசைப்பகுதிகளான கிபேராவும் மதாரேயும் எரிந்துகொண்டிருக்க, அங்கே பால்காரர் நேரத்துக்கு வந்தார். ஒரே நகரத்துக்குள் இப்படி இருப்பது புதிதாக வந்தவர்களுக்கு விளங்காது.

ஜனவரி 12ஆம் தேதி, ஊர் அடங்கிவிட்டது என்று ஆலை பொறியாளரைத் திரும்ப அழைத்தது. கடைகள் திறந்திருந்தன, மதாத்து ஓடியது. அவர் போனார். ஆனால் 15ஆம் தேதி நாடாளுமன்றம் கூடுகிறது, 16 முதல் 18 வரை எதிர்க்கட்சி போராட்டம் அறிவித்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. 16ஆம் தேதி கொண்டேலேயில் நிராயுதபாணியான இளைஞரைக் காவலர் ஒருவர் சுடும் காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பொறியாளர் மூன்று நாள் ஆலைக்குள்ளேயே கொதிகலன் அறைப் பக்கத்தில் படுத்துக்கிடந்தார். அமைதியாக இருக்கிறதா என்று தெருவைப் பார்த்து முடிவு செய்தார்கள். தேதிகளைப் பார்த்திருக்க வேண்டும். நைவாஷாவில் வீட்டோடு ஆட்களை எரித்த செய்திக்குப் பிறகு 28ஆம் தேதி கிசுமு மறுபடி கொந்தளித்தபோது அவர் ஊரில் இல்லை, அதற்குள் நைரோபிக்கு வந்துவிட்டிருந்தார்.

மாமனாரும் மனைவியும் பிள்ளைகளும் ஜனவரிக் கடைசியில் இந்தியா திரும்பினார்கள். ஐ.நா. முன்னாள் பொதுச் செயலர் கோஃபி அன்னானின் மத்தியஸ்தத்தில் பிப்ரவரி 28 இரு தரப்புக்கும் இடையே உடன்பாடு கையெழுத்தானது. நாடு முழுவதும் 1,133 பேர் இறந்ததாக வாக்கி ஆணையம் கணக்கிட்டது. மார்ச்சில் ஆலை ஓடத் தொடங்கியது. கணக்காளர் கிசுமுவுக்குத் திரும்பவில்லை. ஆலை அவருக்கு நைரோபி அலுவலகத்தில் இடம் கொடுத்தது. மேற்பார்வையாளர் தன் தெருவில் சில மாதம் வசவு வாங்கினார்.

பின்னர் மாற்றியவை

கிளம்புவதற்கான குறியை ஆலை எழுத்தில் வைத்தது. குறி என்பது எளிதில் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்: மதாத்து நின்றால், உள்ளூர்ப் பணியாளர் பாதிப்பேர் வேலைக்கு வராவிட்டால், எண்ணிக்கை ஒரு நாளுக்கு மேல் தாமதமானால், இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் குடும்பங்கள் அன்றே விமான நிலையம் போக வேண்டும். முடிவெடுக்கும் ஆள் ஊரில் இருக்க வேண்டும்.

பணியாளர் பட்டியல் பதவி வரிசையில் இருந்ததை, யார் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார், அங்கே அவருக்கு ஆபத்து உண்டா என்ற வரிசைக்கு மாற்றினார்கள். இனத்தைத் தாளில் எழுதுவதா என்று கடும் வாக்குவாதம் நடந்தது. அந்தத் தாள் தவறான கையில் சிக்கினால் அதுவே கொலைப்பட்டியல். கடைசியில் தாளில் எழுதாமல், ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பேர் நினைவில் வைத்திருப்பது என்று முடிவானது.

இன்று எம்பெசா எல்லாக் கையிலும் இருக்கிறது, அதனால் ரொக்கம் தேவையில்லை என்று புதிதாக வருபவர்கள் சொல்கிறார்கள். வலைப்பின்னலோ முகவரோ நின்றால் அதுவும் நிற்கும். ஒரு வாரச் செலவுக்குச் சில்லறை நோட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

2013 மார்ச் 4 தேர்தலுக்கு ஆலை குடும்பங்களை மார்ச் 1ஆம் தேதியே வெளியே அனுப்பியது. 9ஆம் தேதி முடிவு வந்து ஊர் அமைதியாகவே இருந்தது. செலவு வீண் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முடிவை எதிர்த்து ரைலா தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் தீர்ப்புக்குப் பிறகுதான் திரும்பலாம் என்று நிர்வாகம் நின்றது. மார்ச் 30 தீர்ப்பு வந்த மாலை கிசுமுவில் மறுபடி டயர் எரிந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. இரவு ஷிப்டை முன்கூட்டியே ரத்து செய்திருந்ததால் அந்த நேரத்தில் ஆலைப் பணியாளர் யாரும் சாலையில் இல்லை.